வீட்டிலேயே எலெக்ட்ரிக் பைக் செய்யும் புண்ணியவான்களுக்கு...

புனேவில் எங்கள் அபார்ட்மெண்டில் இப்போது ஒரு புது ஜுரம். பழைய பைக்கின் இஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டுவது. இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகள்தான் முக்கால்வாசி. எங்கள் வீட்டுப் பையனும் அதில் ஒருத்தன். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்னைக் கேட்டால் முதல் கேள்வி அதில்லை. "ராத்திரி எங்கே சார்ஜ் போடப் போகிறாய்?" என்பதுதான்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த ஓட்டலுக்குள் ஏறி எட்டு பேர் போனார்கள். இதற்கெல்லாம் அப்புறம்தான் ஏ.ஐ.எஸ். 156 பேட்டரி விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக இறுகின. கம்பெனி வண்டியைச் சோதிக்க ஆய்வுக்கூடம் இருக்கிறது. வீட்டில் செய்த வண்டிக்கு யார் இருக்கிறார்கள்?

நமக்கோ வாடகை ஃபிளாட், ஒரே வாசல். பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் கிடையாது என்று பேட்டரியை மேலே தூக்கிவந்து செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் சார்ஜ் போடுகிறார்கள். தீப்பிடித்தால் வெளியே போகிற வழியே அடைபட்டுவிடும். தயவுசெய்து வேண்டாம்.

சரி, எந்த பேட்டரி? லெட் ஆசிட் மலிவு என்பார்கள். நான் பி.காம். ஆசாமி, தேய்மானக் கணக்குதான் எனக்குத் தெரியும். தினமும் ஆழமாக இறக்கி ஏற்றினால் அது சுமார் 300 சார்ஜ் தாங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி., சுமார் 2,000 தாங்கும். லெட் ஆசிட் 100 ரூபாய், எல்.எஃப்.பி. 300 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சார்ஜுக்கு அது 33 பைசா, இது 15 பைசா! எது மலிவு? போதாததற்கு 48 வோல்ட், 40 ஆம்பியர் ஹவருக்கு லெட் ஆசிட் என்றால் 50 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும்.

என்.எம்.சி. லித்தியம் இன்னும் எடை குறைவு, தூரமும் கூடுதல். ஆனால் எல்.எஃப்.பி. அதைவிட அதிக சூடு தாங்கும். எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு செல்லையும் கவனிக்கிற பி.எம்.எஸ். கட்டாயம் வேண்டும். 16 செல் வரிசை என்றால் 58.4 வோல்ட்டில் நிற்கிற, எல்.எஃப்.பி.க்கே உரிய சார்ஜர் வேண்டும்.

பொருத்துவதிலும் அதே நிதானம் வேண்டும். பேட்டரியைப் பின் சீட்டில் கட்டாதீர்கள். இஞ்சின் இருந்த இடத்தில், தாழ்வாக, இரும்புப் பெட்டிக்குள் உட்கார வையுங்கள். பெட்டிக்கு உள்பக்கம் இன்சுலேஷன் ஷீட் போடுங்கள். எடை பெட்டியின் அடித்தட்டில் இறங்க வேண்டும், செல்களை இணைக்கும் பட்டைகளில் தொங்கக் கூடாது. பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே டி.சி. ஃபியூஸ். ஸ்பானரில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு, கைமோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொன்று. அங்கீகரித்த கிட் இல்லாமலும், ஆர்.சி.யில் மாற்றம் பதியாமலும் ரோட்டில் இறங்கினால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடலாம். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற குடும்பத்துக்கு அது தாங்குமா?

பிள்ளைகள் செய்யட்டும், நான் தடுக்கவில்லை. கையால் ஒன்றைச் செய்து கற்பது புத்தகத்தில் வராது. வண்டி 10 கிலோமீட்டர் குறைவாகப் போனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. காற்றோட்டமான பார்க்கிங்கில் சார்ஜ் போட சொசைட்டியில் ஒரு பாயிண்ட் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அதைச் செய்ய வேண்டியவர்கள் பெற்றவர்களான நாம்தான்.