பெயரில்லாத பத்து நாட்கள்

மாதவிடாயைச் சுட்டத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பூப்பு, தூரம், விலக்கு, தீட்டு என்று ஊருக்கும் சாதிக்கும் ஏற்றபடி ஒரு சிறு அகராதியே தொகுத்துவிடலாம். தொல்காப்பியத்தின் கற்பியல், பூப்பு வந்தபின் பன்னிரண்டு நாட்களைக் கணக்கிட்டு, அந்நாட்களில் தலைவன் பிரிந்திருத்தல் ஆகாது என்கிறது. ஆனால் இந்தச் சொற்களும் விதிகளும் உதிரம் கண்ட நாளிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்தைய பத்து நாட்களுக்குப் பரவலாக வழங்கும் பெயரொன்று நம்மிடம் இல்லை. வீட்டைத் தீட்டாக்குவது எதுவோ அதற்குத்தான் பெயர் தேவைப்பட்டது. அவள் மனத்துக்குள் நிகழ்வது யாரையும் தீட்டாக்குவதில்லை அல்லவா?

அந்தப் பத்து நாட்களைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். மாதவிடாய்க்கு முன் சற்று எரிச்சலும் சோர்வும் கொள்ளும் பெண்கள் மிகப் பலர், அது நோயன்று. நான் சொல்வது வேறொன்று. மாதத்தின் பாதி நாட்கள் இயல்பாக வேலை செய்து, சிரித்து, வாசித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, கருமுட்டை வெளிப்பட்ட சில நாட்களில் கதவை யாரோ சாத்தியதுபோல் இருண்டுவிடுகிறாள். ஆத்திரம், அழுகை, பதற்றம், தான் வாழத் தகுதியற்றவள் என்ற உறுதி. உதிரம் கண்ட ஓரிரு நாட்களில் கதவு திறந்துகொள்கிறது. மருத்துவர்கள் இதை மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைச் சீர்குலைவு என்கிறார்கள், சுருக்கமாக பி.எம்.டி.டி. நாட்குறிப்பைக் கொண்டு முறையாக உறுதிசெய்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நூறு பெண்களில் ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கிறது என்று 2024-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இந்நோய் உறுதிசெய்யப்பட்டதாகச் சொன்ன 599 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், 34 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தற்கொலைக்கு முயன்றதாகக் கூறியிருக்கிறார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் இந்த எண்ணிக்கை சற்று மிகையாக இருக்கலாம். பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மீதம் இருப்பது அச்சமூட்டுகிறது.

இந்தப் பெயர் வந்த கதை இலக்கிய வாசகர்களுக்குச் சுவையானது. 1931-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் இதை 'முன்விடாய் இறுக்கம்' என்ற பொருளில் குறித்தார். 1953-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் காதரினா டால்டன் ஒரு கட்டுரையை ரேமண்ட் கிரீனுடன் சேர்ந்து எழுதினார்; அதன்பிறகே அது ஒரு 'நோய்க்குறித் தொகுதி' ஆயிற்று. ரேமண்ட் கிரீன் நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் அண்ணன். 1933 எவரெஸ்ட் பயணத்தில் மருத்துவராகப் போனவர். தம்பி மனித மனத்தின் குற்றவுணர்வை நாவலாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அண்ணன் அதன் ஒரு மூலையைச் சுரப்பிகளில் தேடிக்கொண்டிருந்தார். டால்டன் தன் வாழ்நாள் முழுதும் புரோஜெஸ்டிரான் குறைபாடுதான் காரணம் என்று நம்பி, அதையே மருந்தாகவும் கொடுத்தார். பின்னால் வந்த சோதனைகளில் அது நிற்கவில்லை. பெயர் வைத்ததில் சரி, மருந்தில் பிழை.

அடுத்து வந்தது வழக்குமன்றம். 1981-இல் இங்கிலாந்தில் காதலனைக் காரால் மோதிக் கொன்ற ஒரு பெண்ணுக்கு, இந்த நோயைக் காரணமாக ஏற்று, சிறையின்றி நிபந்தனையுடன் விடுதலை அளிக்கப்பட்டது. பத்திரிகைகள் கொண்டாடின, கேலியும் செய்தன. மாதத்தில் பாதி நாள் பொறுப்பேற்க இயலாதவள் என்றால் அவளுக்கு நீதிபதி பதவி எதற்கு, விமானம் ஓட்டுவது எதற்கு என்ற கேள்வி உடனே பின்னால் வந்து நின்றது. பெண்ணியவாதிகளின் அச்சம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அது வெற்று அச்சமன்று.

அந்த அச்சத்துக்கு நெய் வார்த்தது மருந்து வணிகம். எலி லில்லி நிறுவனத்தின் புரோசாக் காப்புரிமை 2001-இல் முடிய இருந்தது. 2000-ஆம் ஆண்டு அதே ஃபுளூவாக்ஸெட்டினை சாராஃபெம் என்ற புதுப் பெயரில், இளஞ்சிவப்பும் ஊதாவுமான உறையில் போட்டு, இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு பெண் கடையில் தள்ளுவண்டியோடு மல்லுக்கட்டி எரிச்சலடைகிறாள். தள்ளுவண்டி சிக்கிக்கொண்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, கடும் நோயைச் சாதாரண எரிச்சலாகக் காட்டுகிறது என்று அவ்விளம்பரத்தைக் கண்டித்தது. 2003-இல் ஐரோப்பிய அமைப்பு, இது ஐரோப்பாவில் நிலைபெற்ற நோயே அல்ல என்று, அந்தப் பயன்பாட்டைப் புரோசாக்கின் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னது. அமெரிக்க மனநோய்க் கையேட்டுக் குழுவுக்கு ஆலோசகராக இருந்த உளவியலாளர் பவுலா கேப்லன் அதற்கு முன்பே வெளியேறி, பெண்ணின் நியாயமான கோபத்துக்கு நோய்ச்சீட்டு ஒட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

நம் சிற்றிதழ் மரபில் வளர்ந்தவர்களுக்குக் கேப்லனின் குரல் உடனே பிடித்துப்போகும். எனக்கும் பிடிக்கும். அதிகாரம் பெயர் வைக்கிறது, வணிகம் மருந்து விற்கிறது என்று ஃபூக்கோவைத் துணைக்கழைத்து நான்கு பத்தி எழுதிவிடலாம். துயரமே படைப்பின் ஊற்று, மாத்திரை அதை வற்றச் செய்துவிடும் என்றொரு கற்பிதமும் நம்மிடையே உண்டு. பெரும்பாலும் அந்தத் துயரத்தை அனுபவிக்காத ஆண்களே அதைச் சொல்கிறார்கள். வணிகம் ஒரு நோயை ஊதிப் பெருக்கியது என்பதாலேயே அந்த நோய் பொய்யாகிவிடாது என்பதைத்தான் நாம் தொடர்ந்து தவறவிடுகிறோம்.

1998-இல் அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சூலகத்தின் சுழற்சியை ஊசி மருந்தால் சில மாதங்கள் நிறுத்திவைத்தபோது, நோயுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் நலமடைந்தனர். பிறகு ஈஸ்ட்ரஜனையோ புரோஜெஸ்டிரானையோ இயல்பான அளவில் திரும்பச் செலுத்தியதும் துயரம் திரும்பியது. நோயில்லாத பெண்களுக்கு அதே ஊசி, அதே ஹார்மோன். மனத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதாவது ஹார்மோன் கூடுதலுமில்லை, குறைவுமில்லை. இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தாங்காத மூளை. 'எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே, பொறுத்துக்கொள்' என்ற அறிவுரைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. 2013-இல் மனநோய்க் கையேடு இதை முழு நோயாக ஏற்றது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ இதை இனப்பெருக்க உறுப்பு நோய்களின் கீழ் வைத்து, மனச்சோர்வின் கீழும் ஒரு சுட்டு தந்திருக்கிறது. இந்த இரட்டை முகவரி எனக்குச் சரியாகவே படுகிறது.

சிகிச்சைக்கு வருவோம். ஃபுளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின் போன்றவை மனச்சோர்வில் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இங்கே சில நாட்களிலேயே பலன் தெரிகிறது. ஆகவே பின்பாதி நாட்களில் மட்டும் உண்பதும் உண்டு, தினமும் உண்பதும் உண்டு. குமட்டல், தூக்கக் கெடுதல், காம விருப்பம் குறைதல் ஆகிய தொல்லைகளும் உண்டு. மருத்துவர் இவற்றை முன்கூட்டியே சொல்லவேண்டும். டிரோஸ்பிரினோன் கலந்த ஒருவகைக் கருத்தடை மாத்திரை 2006-இல் அமெரிக்காவில் இதற்கு ஏற்கப்பட்டது. இரத்த உறைவு அபாயம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. அறிதல் நடத்தைச் சிகிச்சை பலருக்குத் துணையாகிறது. எதுவும் கைகொடுக்காத மிகச் சிலருக்கே சூலகத்தை அடக்கும் ஊசியும், அதற்கும் அப்பால் அறுவையும்.

ஆனால் இவை அனைத்துக்கும் முன்னால் நிற்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு அன்றன்றைய மனநிலையை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். நினைவிலிருந்து சொல்வதை இந்த நோயில் நம்புவதில்லை. இந்த நோட்டுதான் கேப்லனுக்கும் பதில் என்று நினைக்கிறேன். கணவனின் அலட்சியம், மாமியாரின் சொல், அலுவலகத்தின் அநீதி இவையெல்லாம் இருபத்தைந்தாம் நாளில் எழுதப்பட்டு, பத்தாம் நாளிலும் எழுதப்பட்டிருந்தால் அது நோயன்று. தீர்க்கப்பட வேண்டிய குறை. அதற்கு மாத்திரை கொடுப்பது அயோக்கியத்தனம். பத்தாம் நாளில் அவளே வியக்கும்படி இல்லாமற்போவது எதுவோ, அதற்கே மருந்து. இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்கக்கூடும், பெரும்பாலும் இருக்கின்றன. 'என்ன, நாள் நெருங்குகிறதா?' என்று ஏளனமாகக் கேட்டு வாயடைக்கும் கணவன் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறான். இந்த நோய் ஒரு பெயரே அல்ல என்பவர்களும் இன்னொரு திசையிலிருந்து அதையேதான் செய்கிறார்கள்.

அந்த நோட்டு அவளுடையது. வீட்டில் யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு மாதக் கணக்கு என்பது நோயை உறுதிசெய்வதற்குத்தான், உதவியைத் தள்ளிப்போடுவதற்கு அன்று. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவளை 'எழுதிக்கொண்டு வா' என்று எந்த மருத்துவரும் திருப்பி அனுப்பலாகாது. அப்படிப்பட்ட இரவுகளுக்கு இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசுகிறார்கள்.