தானே சுமந்தவனின் துப்பாக்கி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இரண்டேகால் கிலோவுக்கும் குறைவான வேட்டை ரைஃபிள் இன்று கடைச் சரக்கு. கிம்பர் நிறுவனத்தின் 'மவுண்டன் அசென்ட்' அந்த ரகம். ஒரு தலைமுறைக்கு முன் இதைச் சொல்லித்தான் செய்து வாங்க வேண்டியிருந்தது. நூறாண்டுக்கு முன் இப்படி ஒன்று வேண்டுமென்று கேட்டவரை விநோதமாகப் பார்த்திருப்பார்கள். இந்த எடைக்குறைப்பு முழுக்கப் புதிய பொருட்களின் சாதனை என்று விளம்பரங்கள் சொல்கின்றன: டைட்டானியம், கார்பன் இழை, கெவ்லார். பழைய ஏடுகளைப் புரட்டினால் கதை வேறாக இருக்கிறது. மலைத் துப்பாக்கியை இலேசாக்கியது முதலில் தோட்டாவைப் பற்றிய ஒரு முடிவு. அதற்கும் முன்னால், எவ்வளவு நெருங்கிப் போய்ச் சுடுவது என்ற முடிவு.

துப்பாக்கியை யார் சுமந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவின் ஷிகார் துரைமார் வைத்திருந்த பெரிய இரட்டைக்குழல் ரைஃபிள்கள் நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அந்த எடை அவர்களுக்குக் குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் விலங்கு கண்ணில் படும்வரை அது கூட வந்த ஆளின் தோளில் இருந்தது. நீலகிரியில் வரையாடு தேடிப் போனவர்களுக்கும் துப்பாக்கி தூக்க ஆள் உண்டு. விதிவிலக்கு ஜிம் கார்பெட். குமாவுன் மலைகளில் பெரும்பாலும் தனியே நடந்தவர் அவர். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-ல் ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட் அவருக்குப் பரிசளித்தது ஒரு 275 ரிக்பி, அதாவது 7 மி.மீ. மவுசர் தோட்டாவைச் சுடும் இலேசான ரைஃபிள். கனமான இரட்டைக்குழலும் அவரிடம் இருந்தது. ஆனாலும் 1926-ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியது அந்தச் சின்ன ரிக்பிதான். தானே தூக்கி நடப்பவனுக்குத்தான் ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு.

அமெரிக்க மலைகளில் அது பொது விதியாகவே இருந்தது. குதிரை ஓரளவு உயரம்வரை வரும். பிக்ஹார்ன், டால் என்னும் காட்டுச் செம்மறிகள் நிற்கும் பாறைச்சரிவுகளுக்கு மனிதன் ஏறித்தான் போக வேண்டும். சார்லஸ் ஷெல்டன் என்ற வேட்டைக்காரர் யூக்கானிலும் அலாஸ்காவிலும் அப்படி ஏறியவர். 1907-08 குளிர்காலத்தை டெனாலி அடிவாரத்தில், டோக்லாட் ஆற்றங்கரைக் குடிலில் கழித்து, டால் செம்மறிகளைக் கவனித்துக் குறிப்பெழுதினார். அந்தப் பகுதியைக் காக்க வேண்டுமென்று அவர் விடாமல் வாதாடியதில்தான் 1917-ல் மெக்கின்லி மலை தேசியப் பூங்கா பிறந்தது. அவர் கையில் இருந்தது ஆஸ்திரியாவின் 6.5 மி.மீ. மான்லிக்கர். அதே 6.5 மி.மீ. அளவில் 1903-ல் வந்த மான்லிக்கர்-ஷோனாவர் ரைஃபிளில் குழல் வெறும் 45 செ.மீ., மொத்த எடை மூன்று கிலோ அளவு. குண்டு மெல்லியது, நீளமானது, வேகம் நொடிக்கு 700 மீட்டரை ஒட்டித்தான். இன்றைய கணக்கில் இது மந்தம். ஆனால் அருகே ஊர்ந்து போய்ச் சுடுபவனுக்கு அதற்குமேல் வேகம் தேவைப்படவில்லை. வேகம் குறைவாகப் போதுமென்றால் வெடிமருந்து குறைவு, குழல் குட்டை, தோளில் விழும் உதை மிதம். எடை தானாகக் குறைந்துவிடுகிறது. மலைத் துப்பாக்கியின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு ரைஃபிளில் இருக்கிறது என்பேன்.

முதல் உலகப்போர் அந்த இலக்கணத்தைக் கலைத்தது. சண்டைக்கென்று செய்த ஸ்பிரிங்ஃபீல்டும் மவுசரும் சந்தையில் மலிவாகக் குவிந்தன. ஸ்பிரிங்ஃபீல்டின் எடை நாலு கிலோவுக்குச் சற்றே குறைவு. கர்னல் டவுன்செண்ட் வீலன் போன்றவர்களின் எழுத்தைப் படித்த வேட்டைக்காரர்கள், அவற்றின் முன்கட்டையை அறுத்து, குழலைக் குறுக்கி, வால்நட் மரத்தில் புதுக்கட்டை போட்டுக்கொண்டார்கள். 1923-ல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோ பட்டறை இந்த வேலையைக் கலையாகவே ஆக்கியது. ஆனாலும் சிப்பாய்க்கென்று செய்ததை எவ்வளவு இழைத்தாலும் அதன் எலும்பு பெரியதுதான்.

1925-ல் வின்செஸ்டர் 270 தோட்டாவைக் கொண்டுவந்தது. அதற்கு வாய்த்த வக்கீல் ஜாக் ஓகானர். அரிசோனாக்காரர், டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர், பிறகு 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதியைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர். மெக்சிகோவின் சொனோரா பாலைக்குன்றுகள் முதல் யூக்கான்வரை செம்மறி தேடி நடந்தவர். அவருக்கு எதிர்முகாமில் ஐடஹோவின் எல்மர் கீத்: பெருங்குண்டு, பெருங்குழல், அதற்குக் குறைந்ததெல்லாம் முயலுக்கு என்ற கட்சி. இருவரும் ஆண்டுக்கணக்கில் அச்சில் மோதிக்கொண்டார்கள். கீத்தின் வாதத்திலும் நியாயம் இருந்தது. அடர்காட்டில், தப்பி ஓடும் கனத்த எல்க் மானை வால்பக்கமிருந்து சுட நேர்ந்தால் சின்னக் குண்டு போதாது. அப்படிச் சுடாமல் இருக்கலாமே என்பது ஓகானர் தரப்பின் பதில். இந்தச் சண்டையை வெறும் பட்டிமன்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. இருவரும் இரண்டு விதமான வேட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1952-ல் வின்செஸ்டர் தன் மாடல் 70-இன் 'ஃபெதர்வெயிட்' வடிவத்தை வெளியிட்டது. குழல் 56 செ.மீ. ஆனது, அடித்தகடும் விசைக்காப்பும் அலுமினியமாயின, எடை மூன்று கிலோவுக்குக் கீழே வந்தது. தான் குடியேறிய, ஐடஹோவின் லூயிஸ்டன் ஊரின் இரும்புக்கடையில் வாங்கிய அப்படியொரு 270-ஐ ஓகானர் ஸ்போகேன் நகரத்துக் கட்டை ஆசாரி ஆல் பீசனிடம் கொடுத்தார். மெலிந்த வால்நட் கட்டையோடும் நாலு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்போடும் திரும்பி வந்தபோது அது ஏறத்தாழ 3.6 கிலோ. 'நம்பர் டூ' என்ற பெயரில் அமெரிக்க வேட்டை எழுத்தில் மிகுதியும் பேசப்பட்ட ரைஃபிள் அதுதான். இன்றைய விளம்பரத்தின் பக்கத்தில் வைத்தால் அதைக் கனம் என்பார்கள். அவர் அதற்குமேல் இழைக்கவில்லை. மூச்சு வாங்கி, மார்பு அடித்துக்கொள்ளும் நேரத்தில் முன்பக்கம் கொஞ்சம் கனமிருந்தால்தான் குழல் நிற்கும்.

இதில் இயற்பியல் ஒளிவுமறைவு இல்லாதது. துப்பாக்கியின் எடையை 3.6 கிலோவிலிருந்து 2.7-க்குக் குறைத்தால், அதே தோட்டாவின் உதை ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 3.6 கிலோ ரைஃபிளில் 270-இன் உதை 23 ஜூல் அளவு. மருந்து மிகுந்த 300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவை 2.7 கிலோ ரைஃபிளில் சுட்டால் அது 50 ஜூலைத் தாண்டும். அந்த உதையை நாலு முறை வாங்கிய உடம்பு ஐந்தாவது முறை விசையை அமுக்குவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளும். குறி தவறுவதில் பாதி அங்கேதான். 1958 முதல் 1963 வரை மேக்னம் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியபோது துப்பாக்கிகள் மறுபடி நீண்டு கனத்தது இதனால்தான். நிறைய மருந்தை எரிக்க நீளக்குழல் வேண்டும், உதையைத் தாங்க எடை வேண்டும்.

மரத்தைக் கைவிட்டதற்குக் காரணம் எடை மட்டுமில்லை. அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நாட்கணக்கில் மழை. வால்நட் ஈரத்தில் உப்பி, குழலைத் தள்ளி, குறியை மாற்றிவிடும். மேசைமேல் வைத்துத் துல்லியம் பார்க்கும் போட்டிக்காரர்களுக்காகச் செட் பிரவுன் முதலானவர்கள் 1970-ஐ ஒட்டி வார்த்த கண்ணாடியிழைக் கட்டைகள் விரைவில் மலைக்கும் வந்தன. மேற்கு வர்ஜீனியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸ் 1980-களின் நடுவில் எடைக்குறைப்பைத் தர்க்கத்தின் எல்லைவரை கொண்டுபோனார். பெரிய ஆக்‌ஷனை, அதாவது தோட்டா ஏறிப் பூட்டிக்கொள்ளும் எஃகுக்கூட்டை வாங்கி அதில் ஓட்டை போட்டு எடை குறைப்பதே அதுவரை வழக்கம். ஃபோர்ப்ஸ் தோட்டாவை அளந்து அதற்கேற்பக் கூட்டைச் செய்தார். அந்தக் கூடு தன் 20 அவுன்ஸ் எடையால் 'மாடல் 20' என்றே பெயர் பெற்றது. கெவ்லார் கட்டை அரைக் கிலோ கூட இல்லை. கட்டை விறைப்பாக இருந்ததால் மெல்லிய குழலை முழு நீளத்துக்கும் அதில் படியவைத்தார். குழல் எதையும் தொடக்கூடாது என்ற அக்காலப் பாடத்துக்கு இது நேர் எதிர். ஆனாலும் அவரது ரைஃபிள்கள் நேராகச் சுட்டன. கிம்பர் முதலியோர் பிறகு தொழிற்சாலையில் செய்தது, தோட்டா அளவுக்குக் கூடு என்ற இதே யோசனையைத்தான்.

கார்பன் இழை சுற்றிய குழல்களைப் பற்றி ஒரு வார்த்தை, விளம்பரம் அதைச் சொல்லாது. அதே பருமனுள்ள எஃகுக் குழலைவிட அது இலேசு, சரிதான். ஆனால் மலைத் துப்பாக்கியில் எப்போதுமே இருந்த மெல்லிய எஃகுக் குழலைவிடப் பல நேரம் அது கனம். இன்னும் வேடிக்கை, டைட்டானியத்தில் மிச்சப்படுத்திய எடையைப் பலர் உச்சியில் ஸ்கோப்பாகத் திருப்பி வைக்கிறார்கள். பழைய இலேசான வேட்டை ஸ்கோப் முந்நூறு கிராமைச் சற்றே தாண்டும். திருகிகள் நிறைந்த இன்றைய தொலைதூர ஸ்கோப் முக்கால் கிலோவுக்கும் மேல். முனையில் ஒலியடக்கி வேறு. அலாஸ்காவில் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது சட்டப்படி குற்றம், எனவே ஒரு டால் கிடாவின் முழு இறைச்சியும் முதுகில் ஏறி இறங்க வேண்டும். அந்த மூட்டையின் முன்னால் நூறு கிராம் டைட்டானியத்தைப் பற்றி என்ன பேச.

2007-ல் ஹார்னடி நிறுவனம் வெளியிட்ட 6.5 கிரீட்மோர் தோட்டா இப்போது எங்கும் பரவியிருக்கிறது. 2.7 கிலோ ரைஃபிளில் அதன் உதை, ஓகானரின் 3.6 கிலோ 270-இன் உதைதான். குறுகிய தோட்டா, குட்டைக் கூடு, மெல்லிய நீளக் குண்டு: ஷெல்டனின் மான்லிக்கர் நல்ல மருந்தோடும் நல்ல குண்டோடும் மறுபடி வந்ததாகவே எனக்குப் படுகிறது. ஆனால் வாங்குபவர்களில் பலர் அதை வாங்குவது அதன் சாந்தத்துக்காக இல்லை, எண்ணூறு மீட்டர் எட்டும் என்ற பேச்சுக்காக. அங்கேதான் என் வருத்தம். தொலைவு கூடக்கூட ஸ்கோப் கனக்கும், குழல் தடிக்கும், தாங்குகால் சேரும். தோட்டா மீட்டுத் தந்த இலேசை ஆசை மறுபடி தின்றுவிடும்.

நம் நாட்டில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டையை முடித்துவிட்டதால் நமக்கு இது வெளியிலிருந்து பார்க்கும் கதை. அவர்களுக்கு இது இன்னும் ஆண்டுதோறும் நடக்கும் விவாதம். ஷெல்டன் உறுப்பினராக இருந்த பூன் அண்ட் கிராக்கெட் வேட்டையாளர் கழகம், விலங்குக்குத் தப்பும் வாய்ப்பில்லாத தொலைதூரச் சுடுதலை நியாயமான வேட்டையாக ஏற்கவில்லை. ஓகானரும் கீத்தும் வாழ்ந்த ஐடஹோ ஒரு படி மேலே போய் எடைக்கே வரம்பு கட்டியது. ஸ்கோப், தோள்வார், இணைப்புகள் எல்லாம் சேர்த்து 16 பவுண்டைத் தாண்டும் துப்பாக்கியால் அங்கே பெருவிலங்கு வேட்டை கூடாது. அது ஏறத்தாழ ஏழேகால் கிலோ. யாரும் முதுகில் சுமந்து மலையேற முடியாத துப்பாக்கி வண்டியிலிருந்தோ சாலையோர முகட்டிலிருந்தோதான் சுடும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.