பலாலியில் ஏறிப் போய்த் திரும்பி வராதவர்கள்

அன்புள்ள மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை உறவுகளுக்கு,

ரொறொன்ரோவிலிருந்து ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன்.

2019 ஒக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனது. ஊருக்கு வந்து போகும் பலர் இப்போது அங்கேதான் இறங்குகிறார்கள். அந்த ஓடுபாதை முதலில் எதற்காகப் போடப்பட்டது, அதிலிருந்து யார் யார் ஏறிப் போனார்கள் என்று நாங்கள் பேசுவதே இல்லை.

1942 ஏப்ரல் 5-ஆம் திகதி கொழும்பிலும் 9-ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். இலங்கையில் விமானத் தளங்கள் பெருகிய காலம் அது. எங்கள் செம்மண் தோட்டக் காணிகளிலும் ஒன்று எழும்பியது. பிரித்தானிய விமானப்படை அதைக் காங்கேசன்துறைத் தளம் என்று அழைத்தது. காணி போன கதையை அப்பாச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். புகையிலை நின்ற நிலம் போனதைச் சாகும்வரை அவர் மறக்கவில்லை.

1944-இலிருந்து அங்கே லிபரேற்றர் விமானங்கள் நின்றன. நான்கு இயந்திரங்கள் கொண்ட அமெரிக்கத் தயாரிப்புப் பொம்பர்கள். 160-ஆம் ஸ்குவாட்ரன் சிகிரியா, மின்னேரியா, காங்கேசன்துறை என்று தளம் மாறி மாறிப் பறந்தது. 203-ஆம் ஸ்குவாட்ரனும் எங்கள் ஊரில் நின்றது. கப்பல்களைத் தேடி வங்கக் கடலைச் சுற்றுவது, சுமாத்திராக் கரையைப் படம் பிடிப்பது, எதிரித் துறைமுக வாசல்களில் கண்ணிவெடிகளைக் கடலில் போடுவது எல்லாம் அவர்களுடைய வேலை. இலங்கையிலிருந்து சிங்கப்பூர் வரை போய்வர ஏறத்தாழ 20 மணி நேரம். எரிபொருள் காணாது என்பதால் துப்பாக்கிகளைக்கூடக் கழற்றிப் பாரத்தைக் குறைத்தார்கள். உள்ளே எட்டு, ஒன்பது பேர். இரவில் கீழே கடலும் கறுப்பு, சுற்றிலும் மேகமும் கறுப்பு. திசை பார்க்கும் பெடியன் ஒரு கருவியைக் கண்ணில் வைத்து நட்சத்திரத்தை அளந்து, மடிமேசையில் பென்சிலால் கோடு போட்டுத்தான் ஊருக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா என்று பல நாட்டுப் பெடியன்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். எல்லா விமானமும் திரும்பி வரவில்லை.

சிலர் கோபிப்பீர்கள் என்று தெரியும். உள்நாட்டுப் போரில் பொம்பர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய சனம் நாங்கள். 1990-இல் அந்தத் தளத்தைச் சுற்றியிருந்த வீடுகளை விட்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. ஆனால் அதை 1945-இல் கடலில் போன ஒரு பெடியன் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. அவர்கள் எங்களுக்காகச் சாகவில்லை, பிரித்தானிய அரசின் போரில்தான் செத்தார்கள். ஆனாலும் எங்கள் மண்ணில்தான் கடைசியாகச் சாப்பிட்டுவிட்டு ஏறினார்கள். எனக்கு அது போதும்.

இன்னொன்றும் உண்டு. மலாயா ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் எத்தனை பேர்! ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் கடிதப் போக்குவரத்து அறுந்தது. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஊரில் தாய்மார் இருந்தார்கள். 1945-இல் 160-ஆம் ஸ்குவாட்ரன் அந்த மலாயாக் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்து நின்றவர்களுக்கு ஆட்களையும் பொருட்களையும் பரசூட்டில் இறக்கியது. அந்தப் போர் முடிந்துதான் எங்கள் வீடுகளுக்குக் கடிதம் வந்தது.

திருகோணமலையில் நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறையில் விமானப்படையினர் சிலர் கிடக்கிறார்கள். கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லை. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டிய நினைவுச் சுவரில் அவர்களுடைய பெயர் மட்டும் இருக்கிறது. உடல் கிடைக்காத சாவு என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கிளிநொச்சியில் 2017-இலிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் இருந்த தாய்மாரைக் கேளுங்கள்.

இங்கே ஒட்டாவா நாடாளுமன்ற வளாகத்தில் போரில் செத்தவர்களின் பெயர் எழுதிய பெரிய நினைவேடுகள் இருக்கின்றன. தினமும் முற்பகல் 11 மணிக்குப் பக்கம் புரட்டுவார்கள்; ஒவ்வொரு பெயரும் வருடத்தில் ஒரு நாளாவது திறந்த பக்கத்தில் இருக்கும். அவ்வளவு பெரிதாக எதையும் நான் கேட்கவில்லை. விமான நிலையத்தில் ஓர் ஓரமாக, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நாலு வரி எழுதிய ஒரு கல். அதே கல்லில், இந்த ஓடுபாதைக்காகக் காணி இழந்த எங்கள் குடும்பங்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஒன்றை விட்டு மற்றதை எழுதினால் நான் ஒப்ப மாட்டேன். செலவை இங்குள்ள நாங்கள் சேர்த்துத் தருகிறோம். அனுமதி கேட்டு எழுத வேண்டியவர்கள் ஊரில் இருக்கும் நீங்கள்தான்.

கல் பிந்தலாம், ஒரு வேலை மட்டும் பிந்தக் கூடாது. அந்த விமானங்களை வேலியில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது வயது 90-க்கு மேல். உங்கள் வீட்டிலோ பக்கத்து வளவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேட்டு, திகதி போட்டு எழுதி வையுங்கள்.

அன்புடன்,
கனடாவில் வாழும் உங்கள் மயிலிட்டிப் பிள்ளை