தாத்தாவின் அறுபதாம் கல்யாணமும் ஒரு குட்டி கம்ப்யூட்டரும்

பொங்கலுக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது, ஆச்சி பீரோவிலிருந்து மூன்று டிவிடிகளை எடுத்து வந்தார். 2006-ல் நடந்த தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோ. வீட்டில் இருந்த டிவிடி பிளேயர் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. என் லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. "ஏய்யா, உன் போன்ல உலகமே வருதே, உங்க தாத்தா மட்டும் வரமாட்டாரா?" என்றார் ஆச்சி.

நண்பனிடம் ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ் கடன் வாங்கினேன். முதல் டிஸ்க்கும் மூன்றாவதும் ஓடின. இரண்டாவது, கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது. தாத்தா மைக் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னது அதில்தான் இருக்கிறது. அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

மிச்சம் இரண்டையாவது காப்பாற்றலாம் என்று பென் டிரைவில் ஏற்றி டிவியில் சொருகினால், 'இந்த ஃபார்மட்டை இயக்க முடியாது' என்றது. அன்றைக்குத்தான் வீட்டுக்கென ஒரு மீடியா சர்வர் வைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். வீட்டு வீடியோ, போட்டோ எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்து, வைஃபை வழியாக டிவியிலும் போனிலும் பார்ப்பதுதான் விஷயம். நம் சொந்த ஓடிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கான மென்பொருள்களில் ஜெல்லிஃபின் முழுக்க இலவசம். பிளெக்ஸும் நல்லதுதான். ஆனால், நான் கீழே சொல்லப்போகும் முக்கியமான வசதிக்கு அதில் காசு கட்ட வேண்டும்.

கேள்வி, எந்தக் கம்ப்யூட்டரை வாங்குவது என்பது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் முதலில் நுழைந்த கடையில், "வீடியோவா? அப்போ கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம முடியாது தம்பி" என்று 45,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டுவிட்டார்கள். தேவையே இல்லை.

சர்வர் எப்போது கஷ்டப்படும் என்று தெரிந்தால் ஏன் தேவையில்லை என்பது புரிந்துவிடும். ஒரு வீடியோ இருக்கும் வடிவத்திலேயே உங்கள் டிவி அதைப் படித்துவிட்டால், சர்வருக்கு வேலையே இல்லை. கோப்பை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். டிவிக்குப் புரியாத வடிவம் என்றால், ஓடும்போதே புரிகிற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே அனுப்ப வேண்டும். இதற்குப் பெயர் டிரான்ஸ்கோடிங். கல்யாண டிவிடிகள் எம்பெக்-2 என்ற பழைய வடிவத்தில் இருப்பவை. மாறாக, ஐபோன் 2017-லிருந்து எச்இவிசி என்ற புது வடிவத்தில் வீடியோ எடுக்கிறது. நம் வீடுகளில் இரண்டும் கலந்து கிடக்கும். ஆகவே டிரான்ஸ்கோடிங் வந்தே தீரும்.

இந்த வேலையை பிராசஸர் தானே முட்டி மோதிச் செய்தால் படம் திக்கித் திணறும். இன்டெல் பிராசஸர்களில் 2011-லிருந்து குயிக் சிங்க் என்று இதற்காகவே ஒரு பகுதி உள்ளேயே இருக்கிறது. தனி கார்டு வேண்டாம். ஆனால், தலைமுறை முக்கியம். 10 பிட் எச்இவிசி வரைக்கும் சமாளிக்க ஏழாவது தலைமுறையாவது வேண்டும். ஐ5 8500 என்று எழுதியிருந்தால் அந்த 8 தான் தலைமுறை. பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வாங்காதீர்கள், அதில் இந்தப் பகுதியே கிடையாது.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பையே போட்டால் என்ன? நானும் அதைத்தான் முதலில் செய்தேன். 2012-ல் வாங்கியது. டிவிடி ஓடியது. அக்கா ஐபோனில் எடுத்த குழந்தை வீடியோவைப் போட்டதும் ஃபேன் அலறியது, படம் உறைந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் கரன்ட். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுத்தது. நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு நமக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை இதுவே சாப்பிட்டுவிடும். அம்மாவுக்குத் தெரிந்தால் சர்வரோடு சேர்த்து என்னையும் வெளியே வைத்துவிடுவார்.

கடைசியில் வாங்கியது, அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் ரீஃபர்பிஷ்ட் மினி பிசி. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவா திங்க்சென்டர் டைனி, மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய டிபன் பாக்ஸ் அளவு. எனக்கு ஐ5 8500டி பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 13,500 ரூபாய்க்குக் கிடைத்தது. விலை வாரத்துக்கு வாரம் மாறும், நாலு கடை ஏறி இறங்குங்கள். எட்டாம் தலைமுறையாகப் பார்த்து வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. லினக்ஸ் போடத் தெரிந்தவர்கள் ஏழாவதையே இன்னும் குறைவாக வாங்கலாம்.

புதிதுதான் வேண்டும் என்பவர்களுக்கு இன்டெல் என்100 சிப் உள்ள குட்டி பிசிகள் இருக்கின்றன. கரன்ட் மிகக் குறைவு, இந்த வேலைக்குத் தாராளம். ராஸ்பெரி பை எனக்கும் பிடிக்கும். ஆனால், பை 5-ல் வீடியோவை மாற்றி எழுதும் வன்பொருளே இல்லை. இதற்கு அது சரிப்படாது.

வாங்கி வந்ததும் இரண்டு வேலை மறக்கக் கூடாது. ஜெல்லிஃபினில் பிளேபேக் பகுதிக்குப் போய் குயிக் சிங்க்கை நாமே ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் அத்தனை விசாரித்து வாங்கியதும் வீண். அடுத்து, பயாஸ் செட்டிங்கில் கரன்ட் வந்ததும் தானாகவே ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள். கரன்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும், 'பொத்தானை அமுக்குங்க ஆச்சி' என்று சென்னையிலிருந்து போன் செய்ய முடியாது. முடிந்தால் ரவுட்டரோடு லேன் வயரில் இணையுங்கள். இப்போது ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து 12 வாட்தான் எடுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 17 யூனிட்.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமல் மிச்சமான பணத்தில் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் இரண்டு வாங்கினேன். என்னைக் கேட்டால், பிராசஸரில் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்தாவது இதைச் செய்யுங்கள். சாதாரண டிவிடி ஒன்று அதிகபட்சம் 4.7 ஜிபி. நாற்பது டிஸ்க் இருந்தாலும் 200 ஜிபியைத் தாண்டாது. போன் வீடியோக்களையும் சேர்த்தாலும் பல வீடுகளுக்கு 1 டிபி போதும். ஒரு டிஸ்க் சர்வரிலேயே இருக்கும். இன்னொன்றில் மாதம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துவிட வேண்டும். இரண்டையும் எப்போதும் சொருகியே வைத்திருந்தால், இடி மின்னலில் ஒன்றாகவே போய்விடும். தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டாலும் பீரோவில் இருப்பது கைகொடுக்கும்.

டிவிடிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்குகளில் தகவல் ஒரு சாயப் படலத்தில்தான் பதிவாகியிருக்கும். வெயில், ஈரம், வயது எல்லாமே அதைக் கெடுக்கும். சர்வர் வாங்க ஆறு மாதம் ஆகட்டும், நகலை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுங்கள். படிக்காத டிஸ்க்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று சில சமயம் படித்துவிடும்.

எங்கள் இரண்டாவது டிஸ்க்கை, அந்த வீடியோவை எடுத்த ஸ்டுடியோக்காரரிடமே கொண்டுபோனேன். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் மெதுவாகப் படிக்கவிட்டதில் 11 நிமிடம் மீண்டது. தாத்தா பேசியது அதில் இல்லை. பந்தி இருக்கிறது. தாத்தா இலை இலையாகப் போய், குனிந்து ஏதோ கேட்கிறார். நாதஸ்வரச் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை.

"பாயசம் வந்துச்சான்னு கேக்காரு" என்கிறார் ஆச்சி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.