ஐந்து டாலர் வேலி

மும்பையில் 'ஒயின் ஷாப்' என்று பலகை மாட்டிய கடைகளில் மிகக் குறைவாக விற்பது ஒயின்தான். விற்பதெல்லாம் விஸ்கியும் ரம்மும் பீரும். தமிழ்நாட்டிலும் இதே கதைதான்; 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்துக்கொள்ளும்வரை மூலைக்கு மூலை 'ஒயின்ஸ்' இருந்தது, உள்ளே இருந்தது பிராந்தி. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ கம்பி வலைக்குப் பின்னால் நிற்கும் கடைக்காரரிடம் ஒயின் கேட்டால், மேல் தட்டில் தூசு படிந்து கிடக்கும் நாலைந்து பாட்டில்களை நோக்கிக் கை நீளும். அவற்றில் ஒன்றிரண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. ஷிராஸ், ஷார்டனே என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கார்க் இருக்காது. சோடா பாட்டில் போலத் திருகு மூடி. 'இது மட்டமான சரக்கு போலிருக்கிறது' என்று வாங்க வந்தவர் முகம் சுளிப்பார்.

சுளிக்க வேண்டியதில்லை. அந்தத் திருகு மூடிதான் ஆஸ்திரேலியர்களின் புத்திசாலித்தனத்துக்கு அடையாளம். கார்க்கில் சில சமயம் ஒரு மக்கல் வாடை ஏறி ஒயினைக் கெடுத்துவிடும். 2000இல் தென் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் சிலர் ஒன்றுகூடிக் கார்க்கைக் கைவிட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். விலையுயர்ந்த சரக்கும் இன்று அந்த நாட்டில் திருகு மூடியுடன் வருகிறது. மூடியைப் பார்த்துத் தரத்தை நிர்ணயிப்பது பிரெஞ்சுக்காரர்களிடம் கடன் வாங்கிய பழக்கம்.

திராட்சையே அந்த மண்ணுக்கு அந்நியம்தான். 1788இல் பிரிட்டிஷ் கைதிகளோடு போன முதல் கப்பல்களில் கொடிகளும் போயின. 1830களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அலைந்து நூற்றுக்கணக்கான வகைகளின் தண்டுகளைச் சேகரித்து அனுப்பினார். 1840களில் ஜெர்மன் குடியேறிகள் பரோஸா பள்ளத்தாக்கில் நட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தோட்டங்களை நாசமாக்கிய வேர்ப்பேன் விக்டோரியா மாநிலத்துக்கும் வந்தது. கடுமையான தடுப்பு விதிகளால் தென் ஆஸ்திரேலியா தப்பித்தது. அதனால்தான் நூற்றைம்பது வயதைத் தாண்டிய ஷிராஸ் கொடிகள் பரோஸாவில் இன்னமும் காய்க்கின்றன.

ஆனால் மலிவு ஒயினின் ரகசியம் கிழக்கொடிகளில் இல்லை, வாய்க்கால் பாயும் வறண்ட நிலத்தில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் ரிவரினா வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆற்று நீர் உண்டு, நிலம் தட்டை. கொடி வரிசைகளுக்கு மேல் இயந்திரம் ஓடி இரவின் குளிர்ச்சியில் பழத்தை உதிர்க்கிறது. எவர்சில்வர் தொட்டிகளில் வெப்பத்தைக் கட்டுப்படுத்திப் புளிக்க வைப்பதால் பழ வாசனை பறந்துவிடுவதில்லை. அங்கே சிசிலியிலிருந்து குடியேறிய கசெல்லா குடும்பம் 2001இல் அமெரிக்காவில் இறக்கிய 'யெல்லோ டெயில்', கங்காரு படத்தோடு, சில ஆண்டுகளிலேயே அந்தச் சந்தையைக் கலக்கியது. பிரெஞ்சு பாட்டிலில் ஊர்ப் பெயர் இருக்கும். அதைப் புரிந்துகொள்ளப் பூகோளம் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியர்கள் திராட்சையின் பெயரைப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். முதன்முதலாக வாங்குபவருக்கு இது பெரிய உதவி. (எல்லாமே நயமான சரக்கு என்று எண்ணிவிடவும் வேண்டாம். அட்டைப் பெட்டிக்குள் பையில் ஒயினை அடைத்து விற்கும் முறைக்கு 1965இல் காப்புரிமை பெற்றவரும் ஆஸ்திரேலியர்தான்.)

நயம் என்பதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று தயாராக இருக்கிறது. தேறல். தேறு, தெளி, கசடு அடங்கித் தெளிந்த மது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் பருகுவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்த மது வந்த மத்தியதரைக்கடல் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கடல் கடந்து வந்த மது அன்றும் அரசனுக்குத்தான்.

இன்றைக்குச் சுங்கம் அந்த வழக்கத்தைக் கட்டிக்காக்கிறது. இறக்குமதியாகும் ஒயினுக்கு இந்தியா 150 சதவீதம் வரி போட்டுவந்தது. 2022 டிசம்பர் 29 அன்று அமலுக்கு வந்த இந்திய - ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் இதைத் தளர்த்தியது என்று செய்திகள் வந்தன. வந்தது உண்மை. ஆனால் ஒப்பந்தத்தின் சலுகைக்கு ஒரு வேலி உண்டு. 750 மில்லி பாட்டிலின் இறக்குமதி விலை குறைந்தது 5 டாலர் இருந்தால்தான் வரி 100 சதவீதமாகக் குறையும். பிறகு பத்தாண்டுகளில் 50 சதவீதம்வரை இறங்கும். 15 டாலருக்கு மேற்பட்ட பாட்டில்களுக்கு எடுத்த எடுப்பில் 75, பத்தாண்டில் 25 சதவீதம். ஐந்து டாலருக்குக் கீழே இருந்தால் சலுகையே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கை விளங்கும். 4 டாலர் பாட்டில் 150 சதவீத வரியோடு 10 டாலர் ஆகிறது. 5 டாலர் பாட்டில், ஒப்பந்தத்தின் முதலாண்டு வரியோடு, அதே 10 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 820 ரூபாய். இதற்கு மேல் மாநில வரி, ஒவ்வொரு லேபிளுக்கும் ஆயத்தீர்வைத் துறையில் பதிவு, இறக்குமதியாளரின் லாபம், கடைக்காரரின் லாபம். மேலே போனால் இன்னும் வேடிக்கை. 14 டாலர் பாட்டில் 28 டாலர் ஆகிறது. 15 டாலர் பாட்டில் 26 டாலர் 25 சென்ட்டில் நின்றுவிடுகிறது. விலை கூடிய பாட்டில் துறைமுகத்தில் மலிவாக இறங்குகிறது! ஆஸ்திரேலியாவில் சாதாரணச் சம்பளக்காரர் இரவுச் சாப்பாட்டோடு குடிப்பது செம்பூர்க்காரருக்குத் திருமண நாள் செலவு.

வேலி போட்டவர்களுக்குக் காரணம் இருக்கிறது. நாசிக்கில் திராட்சை பயிரிடும் விவசாயிகளும் ஒயின் ஆலைகளும் மலிவுச் சரக்கு வந்து கொட்டப்படும் என்று பயந்தார்கள். பயம் பொய்யில்லை. சீனா 2021இல் ஆஸ்திரேலிய ஒயின் மீது 218 சதவீதம்வரை வரி விதித்ததும் அந்த நாட்டுக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 2024 மார்ச்சில்தான் அந்த வரி நீங்கியது. வேறு சந்தை தேடியவர்கள் கண்ணில் இந்தியா பட்டது இயல்புதான். மகாராஷ்டிரம் 2001இல் திராட்சை பதனிடும் கொள்கையை அறிவித்து ஒயின் ஆலைகளை வளர்த்துவிட்ட மாநிலம். 1999இல் தொடங்கிய சூலா அந்த வளர்ச்சியின் முகம். ஆனால் குறைந்தபட்ச விலை நிர்ணயம் காப்பாற்றுவது ஆலையைத்தான். நல்ல மலிவான ஒயினைத் தயாரிக்கும்படி அது ஆலையை நெருக்குவதில்லை.

இதில் இழப்பது ஒயின் ரசிகர்கள் மட்டும் என்றால் விட்டுவிடலாம். மும்பையில் மதுவின் விலை என்பது எப்போதுமே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்ததும் குடி நிற்கவில்லை, இடம் மாறியது. மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவிச் சதுப்பில் வெல்லமும் நவச்சாரமும் போட்டு ஊறல் வைத்தார்கள். வி.டி. ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்த வரதராஜ முதலியார் வளர்ந்தது அந்தக் கள்ளச் சாராயத்தில்தான். மாட்டுங்காவில் அவர் நடத்திய பிள்ளையார் விழாவும் தெரியும், அவர் வாழ்க்கையைத் தழுவி 1987இல் வந்த 'நாயகன்' படமும் தெரியும். குடித்துக் குடல் வெந்தவர்கள் யாருக்கும் நினைவில்லை. மதுவிலக்கு 1960களிலும் 70களிலும் படிப்படியாகத் தளர்ந்தது. சட்டப் புத்தகத்தில் மட்டும் குடிப்பதற்கு பெர்மிட் இன்னமும் வேண்டும்.

மது தாராளமாகக் கிடைக்கும் இதே நகரத்தில், 2015 ஜூனில் மாலாட் மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்கள் ஷிராஸ் வாங்கியிருப்பார்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பிளாஸ்டிக் பையில் சாராயம் வாங்கியதற்குக் காரணம் ருசியல்ல, விலை. வீரியம் குறைந்த சுத்தமான பானம் அடித்தட்டின் கைக்கு எட்டாமல் இருப்பதும், நச்சு எட்டுவதும் ஒரே வரிக்கொள்கையின் இரு முனைகள். 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தபோது மாநிலத்தைக் குடிகார மாநிலமாக்குகிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஒயின் ஷாப் கம்பி வலைக்கு முன்னால் ஆண்களோடு முண்டியடிக்க விரும்பாத மாட்டுங்காப் பெண்மணிக்கு அந்தக் கதவும் மூடியது.

அப்படியும் வாங்குபவர்கள் ஒரு பாட்டிலை எப்படித் தேர்வது? நம் சமையலுக்குச் சிவப்பு ஒயினைவிட வெள்ளை தோது. மிளகாயின் காரம் சிவப்பின் துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் கூட்டிவிடும். கிளேர் அல்லது ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கில் எலுமிச்சைப் புளிப்பு இருக்கிறது. பொரித்த மீனோடு கச்சிதம். ஷிராஸில் மிளகு வாசனை உண்டு. காரம் அடங்கிய மட்டன் சுக்காவுக்குப் போகும். சிவப்பை 'அறை வெப்பத்தில்' பரிமாற வேண்டும் என்ற விதி ஐரோப்பிய அறைக்கு எழுதியது. மும்பை அறையில் அது கஷாயம். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும். திறந்ததை மூடி உள்ளே வைத்தால் மூன்று நாள் தாங்கும். கடையில் வாங்கும்போது தயாரித்த ஆண்டைப் பார்க்க வேண்டும். மலிவு வெள்ளை ஒயினுக்கு வயது ஏறினால் ருசி கூடாது. வெயில் படும் ஷோகேஸில் நின்றுகொண்டிருக்கும் பாட்டிலை, எந்த ஊர்க்காரர் செய்திருந்தாலும், அங்கேயே விட்டுவிடுவது நல்லது.