நாட்டுத் துப்பாக்கி செய்யலாமா?

நிலக்கடலை காய் முற்றும் தருணத்திலும் மக்காச்சோளம் பால் பிடிக்கும் தருணத்திலும் பேரையூர், சாப்டூர், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகளுக்கு இரவுத் தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றிகள் தின்பதைவிடக் கிளறித் தள்ளுவதே அதிகம். இந்நிலையில், பட்டறையில் ஒரு குழாயைக் கடைந்து நாமே நாட்டுத் துப்பாக்கி செய்துகொண்டால் என்ன என்ற எண்ணம், கைத்திறனுள்ள இளைஞர்களுக்கு எழுவதில் வியப்பில்லை. அமெரிக்காவில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிகளைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் அவற்றைப் பெரும்பாலும் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. கைப்பேசியில் அதைக் காண்கிற நம் பிள்ளைகள் இங்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வது குற்றம். 2019இல் செய்த திருத்தத்தால் இதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிக அளவு ஆயுள் சிறை. செய்யாமல் வாங்கி வைத்திருந்தாலும் 2 முதல் 5 ஆண்டு. "பன்றி விரட்டத்தானே வைத்திருந்தேன்" என்ற சமாதானம் எடுபடாது. கடலைக்காக மூன்று மாதம் காவல் காத்தவர், தம் குடும்பத்தை ஏழு ஆண்டு அநாதையாக விடலாமா?

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் விஷயம் நல்லதாக இல்லை. மருந்து வெடிக்கும்போது குழலின் அடிப்பகுதியில்தான் அழுத்தம் மிகுதி. சுடுகிறவரின் கண்ணும் கன்னமும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தண்ணீர்க் குழாய் தண்ணீரின் அழுத்தத்திற்காகச் செய்யப்பட்டது. பற்றுவைத்த பொருத்து பிளந்தாலோ, அடியில் திருகிய மூடி கழன்று பின்னோக்கிப் பாய்ந்தாலோ போவது பன்றியல்ல. ஒருமுறை மருந்து பற்றாமல் போனதும், இருட்டில் அதன்மேலேயே இரண்டாம் முறை கெட்டித்துவிடுவதும் உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1813லேயே குழல்களைச் சோதிப்பதற்கென்று தனி நிலையம் ஏற்படுத்தினார்கள். வழக்கமான அளவைவிடக் கூடுதலான மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்குத்தான் முத்திரை. நம் ஊர் லேத் பட்டறையில் அந்தச் சோதனைக்கு யாரை நிறுத்துவது?

துப்பாக்கிக்குப் பதிலாக என்று சொல்லிப் பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு கல்லும் தண்ணீரும் சேர்த்து வெடிக்கும் கருவியும் வயல்களுக்கு வந்துவிட்டது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் இதனால் கண் காயம்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலும் சிறுவர்கள். வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்ததுதான் பலருக்கு வினையாயிற்று.

மதுரைச் சீமையில் துப்பாக்கி புதிய பொருளுமல்ல. பாளையங்களில் அது புழங்கியது. 1801இல் மருது சகோதரர்களின் போர் முடிந்ததும் கம்பெனியார் ஆயுதங்களைப் பறித்தனர். பின்னர் 1878ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கேட்டது. ஆனால் இன்றைய சட்டம் விவசாயியை அடியோடு மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மாவட்ட ஆட்சியரிடமும், மாநகர எல்லைக்குள் காவல்துறை ஆணையரிடமும் மனுச் செய்யலாம். இந்த வழி சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடாமல், தகுதியுள்ள மனுக்களுக்குக் காலக்கெடுவுக்குள் பதில் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் விவசாயி பட்டறையைத் தேடிப் போவதை யார் தடுப்பது? தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பன்றிக்குத் தேர்தல் விடுமுறை இல்லை என்பதையும் அதிகாரிகள் எண்ணிப் பார்க்கலாம்.

துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி காட்டுப்பன்றியைக் கொல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். மயிலோ தேசியப் பறவை, அதன்மேல் கை வைக்கவே கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள், விவசாயி அல்ல. ஆகவே சமவெளிக் கிராமங்கள் தனித்தனியே புலம்பாமல், ஊராகச் சேர்ந்து வனச்சரகரிடம் எழுத்து மூலம் கேட்பதே பலன் தரும்.

அதுவரை மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கி விதைக்கலாம். பன்றி அதைத் தின்னாது. சோளத்தின் வாசனையையும் அது மறைக்கும். ஓரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, ஓர் அடி உயரத்தில் முள்கம்பிச் சுருள் கட்டுவதும் உதவும். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் நேரடியாகக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்தது பக்கத்துக் காட்டுக்காரரைக் கொன்ற கதைகள் போதும்.

சேதம் நேர்ந்தால் உழுது அழிப்பதற்கு முன் படம் எடுத்து, அன்றைக்கே வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.