காசு கொடுத்து வரையச் சொன்ன கார்கள்

பழைய கார் என்றாலே பலருக்கும் ஒரு கிறக்கம். அதையே பிரபல ஓவியர் வரைந்து மியூசியத்தில் மாட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். "ஆஹா, கலை!" என்று ரசித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். காசு கொடுத்தது யார் என்று யோசிப்பவர்கள் குறைவு.

ஆண்டி வார்ஹோலின் 'கார்ஸ்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1886இல் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் நூற்றாண்டில், அதாவது 1986இல், டைம்லர்-பென்ஸ் நிறுவனம் வார்ஹோலுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்த முதல் வண்டியில் தொடங்கித் தன் கார்களின் வரலாறு முழுக்க 80 படங்களில் வரவேண்டும் என்பது திட்டம். 1987 பிப்ரவரியில் வார்ஹோல் இறந்துபோனார். முடிந்தவை 49தான்.

2022இல் லாஸ் ஏஞ்சலஸின் பீட்டர்சன் கார் மியூசியத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, கூடவே நிஜ மெர்சிடிஸ் கார்களையும் நிறுத்தினார்கள். இது கண்காட்சியா, ஷோரூமா?

படங்கள் அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் அவற்றில் என்ன இல்லை என்று பாருங்கள். 1937ஆம் வருடத்து டபிள்யூ 125 பந்தயக் காரும் அந்த வரிசையில் உண்டு. ஹிட்லர் அரசின் பண உதவி பெற்ற பந்தய அணியின் கார் அது. பிறகு போர் வந்ததும் அதே நிறுவனத்தின் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் கட்டாய வேலை வாங்கப்பட்டார்கள். படத்தில் இதன் நிழல்கூட இல்லை, வெறும் பளபளப்புதான். எப்படி இருக்கும்? கேட்டது பிறந்தநாள் வாழ்த்து அல்லவா!

"அந்தக் காலத்தில் ராஜாவும் போப்பும் காசு கொடுத்து வரையச் சொல்லவில்லையா?" என்று கேட்பார்கள். சொன்னார்கள். கூலி வாங்குவது குற்றமே இல்லை. எதை வரைவது, எதை விடுவது என்ற முடிவையும் கூலியோடு சேர்த்து விற்பதுதான் பிரச்சினை.

"விளம்பரத்துக்கும் கலைக்கும் நடுவே இருந்த கோட்டை அழித்தவரே வார்ஹோல்தானே?" என்பது அடுத்த வாதம். உண்மைதான். 1962இல் அவர் சூப் டப்பாக்களை வரைந்தபோது எந்தக் கம்பெனியும் ஆர்டர் கொடுக்கவில்லை. அன்று கோட்டை அழித்தது ஓவியர். 1986இல் அழித்தது கம்பெனி. இரண்டும் ஒன்றா?

கார் மீது அவருக்குச் சொல்ல விஷயம் இல்லாமலும் இல்லை. 1963இலேயே 'சில்வர் கார் கிராஷ்' வரைந்தார். நொறுங்கிய கார், அதற்குள் ஒரு உடல். ஒரே புகைப்படம் 15 முறை திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்துப் பலகையில் வெறும் வெள்ளி நிறம். அதைப் பார்த்துவிட்டு கார் வாங்கக் கிளம்புகிறவர் யாரும் இருக்க முடியாது.

சந்தைக் கணக்குதான் பேசும் என்பவர்களுக்கும் ஒரு தகவல். அந்த விபத்துப் படம் 2013 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 10 கோடி டாலருக்கும் மேல் போனது. அதுவரை ஏலம் போன வார்ஹோல் படங்களில் அதுதான் அதிக விலை.

நிறுவனம் ஆர்டர் கொடுத்ததை யாரும் மறைக்கவில்லை. மறைக்காததாலேயே யாருக்கும் உறுத்தவும் இல்லை. அடுத்த முறை இந்தப் படங்களை மாட்டுகிறவர்கள் பக்கத்தில் மெர்சிடிஸை நிறுத்த வேண்டாம். 1963 படத்தின் ஒரு நகலை மாட்டட்டும். இரண்டையும் வரைந்தது ஒரே கைதான் என்று பார்ப்பவர்களுக்குப் புரியட்டும்.